தன்னைத் தானே வருத்தும் மனங்கள்: நோயாளியாக இருந்த ஆய்வாளர் உணர்த்துவதென்ன?

தன்னைத் தானே காயப்படுத்திக் கொண்ட ஒருவரைப் பற்றிய செய்தி ஒரு வீட்டிலோ, பாடசாலையிலோ, வைத்தியசாலை விடுதியிலோ வெளிப்படும்போது முதலில் எழும் வார்த்தைகள் அநேகமாக ஒரே தன்மையானவையாகவே இருக்கின்றன. 'வெருட்டுவதற்காகச் செய்த வேலை', 'மற்றவர்களின் கவனத்தை ஈர்க்கும் நாடகம்', 'இந்த அற்ப விடயத்துக்கு இப்படியா?', 'குடும்ப மானத்தைப் போக்கிவிட்டாள்' என்பனவே அவை. அவற்றைக் கூறுவோர் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் அச்சமும் அவமானமுமே அவர்களை அவ்வாறு பேசச் செய்கின்றன. ஆயினும் இவ்வார்த்தைகள் எந்தக் காயத்தையும் ஆற்றுவதில்லை என்பது மட்டுமன்றி, அடுத்த காயத்துக்கு அவையே வழி திறந்து விடுகின்றன என்பதைக் கடந்த நான்கு தசாப்த காலச் சிகிச்சை உளவியல் ஆய்வுகள் எமக்கு உணர்த்தியுள்ளன.

அவ்வாய்வுகளை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராகப் பணியாற்றிய மார்ஷா லினஹன் ஆவார். தன்னைத் தானே மீண்டும் மீண்டும் வருத்திக் கொள்வோர் சிகிச்சையினால் மாற முடியாதவர்கள் என மருத்துவ உலகமே கைவிட்டிருந்த ஒரு காலத்தில், அவர்களுக்கென ஒரு சிகிச்சை முறையை வகுத்து, அது பயனளிக்கின்றது என்பதைப் பரிசோதனை மூலம் நிரூபித்தவர் அவர். அந்தச் சிகிச்சை எங்கிருந்து பிறந்தது என்பதை உலகம் அறிந்து கொள்வதற்கு 2011 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1943 ஆம் ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், ஆறு பிள்ளைகளைக் கொண்ட வசதியான கத்தோலிக்கக் குடும்பமொன்றில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர் லினஹன். படிப்பிலும் பியானோ இசையிலும் திறமையுள்ளவராகவே அவர் வளர்ந்தார். ஆனால் 1961 இல், தமது பதினேழாவது வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரிலுள்ள 'இன்ஸ்டிடியூட் ஒவ் லிவிங்' என்ற மனநல வைத்தியசாலையில் அவர் அனுமதிக்கப்பட்டார். தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்வதைத் தடுக்க முடியாத நிலையில் தனியறையில் அடைத்து வைக்கப்பட்டார். மனச்சிதைவு நோய் என்று தீர்மானிக்கப்பட்டு, கடும் மருந்துகளும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் வழங்கப்பட்டன. எதுவும் பயனளிக்கவில்லை. இருபத்தாறு மாதங்களின் பின்னர் 1963 இல் அவர் வெளியேறியபோது, அந்த வைத்தியசாலையிலிருந்த மிகக் கடுமையான நோயாளிகளுள் ஒருவர் என்ற குறிப்பே அவரைப் பற்றி எழுதப்பட்டிருந்தது. இந்த நரகத்திலிருந்து தான் வெளியேறுவேன், வெளியேறிய பின்னர் ஏனையோரையும் மீட்க வருவேன் என அக்காலத்திலேயே தாம் உறுதி பூண்டதாக லினஹன் பின்னாளில் கூறியுள்ளார்.

அதன் பின்னர் சிக்காகோ நகரில் காப்புறுதி நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக வேலை செய்துகொண்டே லொயோலா பல்கலைக்கழகத்தின் இரவு வகுப்புகளில் அவர் பயின்றார். 1967 இல் கத்தோலிக்கத் தியான இல்லமொன்றின் சிற்றாலயத்தில் மன்றாடிக் கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. அதைப் பற்றி அவர் கூறும் ஒரு சிறு விடயம் உளவியல் நோக்கில் மிக முக்கியமானது. அதுவரை தன்னுடன் பேசும்போது தன்னை 'நீ' என்றே விளித்து வந்த அவர், அன்றுதான் முதன்முறையாக 'நான்' என்ற சொல்லினால் தன்மீது அன்பு கொள்வதாகத் தனக்குள் சொல்லிக் கொண்டாராம். தன்னைத் தானே ஓர் அந்நியராக, ஓர் எதிரியாகப் பாவித்து வந்த மனம், தன்னைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட கணம் அது. அந்த மகிழ்ச்சி ஏறத்தாழ ஓராண்டே நிலைத்தது. பழைய வேதனை மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை தன்னைக் காயப்படுத்தாமலேயே அந்தப் புயலைக் கடந்து செல்ல அவரால் முடிந்தது. எது மாறியது என்ற கேள்விக்கு விடை தேடுவதே அவரது வாழ்நாள் ஆய்வாக அமைந்தது எனலாம்.

1971 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, பபலோ நகரில் தற்கொலைத் தடுப்புப் பணியிலும் ஸ்டோனி புரூக்கில் நடத்தைச் சிகிச்சைப் பயிற்சியிலும் ஈடுபட்ட லினஹன், 1977 இல் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். அவர் தேர்ந்தெடுத்த நோயாளிகள், ஏனைய சிகிச்சையாளர்கள் ஏற்கத் தயங்கியவர்கள். இவர்களில் பலர் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என மருத்துவர்கள் குறிப்பிடும் நிலைக்கு உட்பட்டவர்கள். கட்டுக்கடங்காது ஏறி இறங்கும் உணர்ச்சிகள், நிலையற்ற உறவுகள், தான் யார் என்பது பற்றிய தெளிவின்மை, உள்ளே எதுவுமில்லை என்ற வெறுமை, தன்னைத் தானே வருத்திக் கொள்ளல் ஆகியன இந்நிலையின் முக்கிய அடையாளங்களாகும்.

இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற அறிகுறிகள் அல்ல என்பதே லினஹனின் விளக்கம். சில மனிதர்கள் பிறப்பிலேயே உணர்ச்சிக் கூர்மை மிக்கவர்கள். ஏனையோரைச் சற்றே தொட்டுச் செல்லும் ஒரு சொல் அவர்களை ஆழமாகப் பாதிக்கும். அந்தப் பாதிப்புத் தணிவதற்கும் நீண்ட நேரமாகும். உடல் முழுவதும் தீப்புண் கண்ட ஒருவருக்கு மெல்லிய தொடுகையே தாங்க முடியாத வலியைத் தருவது போன்றது அவர்களது மனநிலை. இத்தகைய குழந்தை, அதன் உணர்வுகளைத் தொடர்ந்து மறுதலிக்கும் சூழலில் வளரும்போதே சிக்கல் உருவாகின்றது. 'இதற்கெல்லாம் அழுவதா?', 'உனக்குக் கோபம் வரக் காரணமே இல்லை', 'உன் தங்கையைப் பார், அவள் இப்படியா?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, தனக்குள் எழும் உணர்வு பிழையானது என நம்பத் தொடங்குகின்றது. தான் என்ன உணர்கின்றது என்பதை அறியவே மற்றவர்களின் முகத்தைப் பார்க்கும் பழக்கம் அதற்கு ஏற்படுகின்றது. தன் உணர்வையே நம்ப முடியாத ஒருவரால் தான் யார் என்பதை எவ்வாறு நிலையாக அறிந்துகொள்ள இயலும்? அடையாளச் சிக்கலும் உணர்ச்சிச் சிக்கலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை இங்கு காண்கின்றோம்.

இவ்விளக்கத்தைப் பெற்றோர் மீதான குற்றப்பத்திரமாகக் கருதுவது தவறாகும். துன்புறுத்தலும் வன்முறையும் நிலவும் வீடுகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் அன்பான, ஒழுங்கான குடும்பங்களிலும் பிள்ளையின் இயல்புக்கும் வீட்டின் இயல்புக்கும் பொருத்தமின்மை ஏற்படலாம். ஏனைய பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்த கண்டிப்பும் அறிவுரையும் இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் மறுதலிப்பாக மாறிவிடலாம்.

இத்தகைய சூழலில், தாங்க முடியாத உணர்ச்சி எழும்போது தன்னைக் காயப்படுத்திக் கொள்வது சிறிது நேரத்துக்கேனும் அந்த உணர்ச்சியைத் தணித்து விடுகின்றது. அந்தத் தற்காலிகத் தணிவே அதனைப் பழக்கமாக்குகின்றது. ஆகவே அது பெரும்பாலும் பிறரை நோக்கிய நாடகம் அல்ல. தன்னைக் காயப்படுத்துவோரில் பலர் அதனை மற்றவர்களிடமிருந்து மறைக்கவே பெரும் பாடுபடுகின்றனர் என்பது இதற்குப் போதிய சான்றாகும். லினஹனும் அவரது சக ஆய்வாளர்களும் 75 பெண்களிடம் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்தில் குறிப்பிடத்தக்கது. உயிரை மாய்க்கும் நோக்கமின்றித் தம்மைக் காயப்படுத்தியவர்கள் கோபத்தை வெளிப்படுத்தவும், தம்மைத் தாமே தண்டிக்கவும், வேதனையிலிருந்து மனதைத் திருப்பவும் அவ்வாறு செய்ததாகக் கூடுதலாகக் கூறினர். உயிரை மாய்க்க முயன்றவர்களோ, தாம் இல்லாவிட்டால் மற்றவர்கள் நலமாக இருப்பார்கள் என்ற எண்ணத்தைக் கூடுதலாக வெளியிட்டனர். சுயநலம் என்று எம்மவர் எளிதாகத் தீர்ப்பு வழங்கும் ஒரு செயலின் பின்னால், தான் மற்றவர்களுக்குச் சுமை என்ற துயரமே மறைந்திருக்கக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

இரண்டும் நோக்கத்தினால் வேறுபட்டவையாயினும், முன்னதைப் பொருட்படுத்தாது விடுவது ஆபத்தானது. தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்ளும் ஒருவர் பின்னாளில் தற்கொலைக்கு முயலும் அபாயம் ஏனையோரை விட அதிகமாகும்.

லினஹன் முதலில் கையாண்ட முறை, நோயாளியின் நடத்தையை மாற்றுவதை மட்டுமே நோக்காகக் கொண்டிருந்தது. நோயாளிகள் அதனை ஏற்கவில்லை. தமது வேதனையைப் புரிந்துகொள்ளாத இன்னொருவராகவே சிகிச்சையாளரையும் அவர்கள் கண்டனர். மறுபுறத்தில், வெறும் பரிவும் ஆறுதலும் மட்டும் வழங்கப்பட்டபோது, தமது வாழ்க்கையில் எதுவும் மாறப்போவதில்லை என அவர்கள் மனமுடைந்தனர். ஏற்றுக்கொள்ளலும் மாற்றமும் ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றினாலும் இரண்டையும் ஒரே வேளையில் கைக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு லினஹன் வந்தார். முரண்களின் இணைவிலிருந்து புதியது பிறக்கின்றது என்னும் இயங்கியல் கோட்பாட்டின் பெயரையே அவர் தமது முறைக்கும் சூட்டினார். 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என்று தமிழில் நாம் இதனைக் குறிப்பிடலாம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இது டி.பி.டி. என அறியப்படுகின்றது.

இச்சிகிச்சையில் நோயாளிக்கு நான்கு வகைத் திறன்கள் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது, எழும் உணர்வைத் தீர்ப்பிடாமல் விழிப்புடன் கவனித்தல். சென் பௌத்தத் தியான மரபிலிருந்து லினஹன் இதனைப் பெற்று, எச்சமயத்தவரும் எச்சமயமும் சாராதவரும் பயன்படுத்தக்கூடிய பயிற்சியாக மாற்றினார். இரண்டாவது, நெருக்கடியான நிமிடங்களை நிலைமையை மேலும் மோசமாக்காமல் கடந்து செல்லுதல். குளிர்ந்த நீரை முகத்தில் படச் செய்தல், உள்ளிழுக்கும் மூச்சை விட வெளிவிடும் மூச்சை நீட்டித்தல் போன்ற எளிய செயல்கள் உடலின் பதற்றத்தைக் குறைத்து, அந்த நிமிடங்களைக் கடக்க உதவுகின்றன. இருதய நோயுள்ளோர் குளிர்ந்த நீர்ப் பயிற்சியை வைத்திய ஆலோசனையின்றிச் செய்தலாகாது. மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயரிட்டு, அதன் காரணத்தை அறிந்து, அதனை ஒழுங்குபடுத்துதல். நான்காவது, உறவுகளையும் சுயமரியாதையையும் இழக்காமல் தனக்குத் தேவையானதைக் கேட்கவும், வேண்டாததை மறுக்கவும் கற்றல்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக அமைவது, உணர்வுக்கு அங்கீகாரம் அளித்தல் ஆகும். இது செயலை அங்கீகரிப்பதன்று. பரீட்சையில் தவறிய பிள்ளையிடம், 'இவ்வளவு உழைத்தாய், பெறுபேறு இப்படி வந்தால் வலிக்கத்தான் செய்யும்' என்று கூறுவது, அப்பிள்ளை தன்னை வருத்திக் கொள்வதை ஏற்பதாகாது. அந்த வலி உண்மையானது என்பதை மட்டுமே அது ஏற்கின்றது. அவ்வாறு ஏற்கப்பட்ட பின்னரே 'இனி என்ன செய்யலாம்?' என்ற அடுத்த கேள்வி அப்பிள்ளையின் காதில் விழும். வரிசை மாறினால் அறிவுரை எதுவும் பயன் தருவதில்லை.

1991 இல் வெளியான லினஹனின் முதலாவது பரிசோதனையில், ஓராண்டு காலம் இச்சிகிச்சையைப் பெற்ற பெண்கள், வழமையான சிகிச்சையைப் பெற்றவர்களை விடக் குறைந்த தடவைகளே தம்மைத் தாமே வருத்திக் கொண்டனர். சிகிச்சையை இடைநடுவில் கைவிட்டோரும் குறைவாகவே இருந்தனர். 2006 இல் வெளியான, 101 பெண்களைக் கொண்ட பரிசோதனையில், ஏனைய அனுபவமிக்க நிபுணர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் தற்கொலை முயற்சி ஏறத்தாழ அரைவாசியாக இருந்தது. 2015 இல் 99 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இச்சிகிச்சையின் எந்தப் பகுதி பயன் தருகின்றது என்பதை ஆராய்ந்தது. தன்னைத் தானே காயப்படுத்துவதைக் குறைப்பதில் குழுவாகக் கற்பிக்கப்படும் திறன் பயிற்சிக்கு முக்கிய பங்குண்டு என்பது அதில் தெரியவந்தது.

இம்முறை குறைபாடற்றது என நாம் கூற வரவில்லை. முழுமையான சிகிச்சைக்கு வாராந்தத் தனிச் சந்திப்பு, வாராந்தக் குழுப் பயிற்சி, நெருக்கடி வேளையில் தொலைபேசி உதவி, சிகிச்சையாளர்களுக்கான ஆலோசனைக் குழு என்பன ஓராண்டளவில் தேவைப்படுகின்றன. செல்வந்த நாடுகளிலேயே இது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வேறு சில சிகிச்சை முறைகளும் பயனுள்ளவை என நிரூபிக்கப்பட்டுள்ளன. ஆயினும், கைவிடப்பட்டவர்கள் மீள முடியும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய பெருமை லினஹனுக்கு உரியது.

அவரது தழும்புகளைக் கண்ட நோயாளியொருவர், நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டதும், அவ்வாறாயின் அதுவே எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை தரும் என்று கூறியதுமே தமது மௌனத்தைக் கலைக்க லினஹனைத் தூண்டின. 2011 ஜூன் மாதம், தாம் ஒருகாலத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த அதே ஹார்ட்போர்ட் வைத்தியசாலையில், குடும்பத்தினர், நண்பர்கள், மருத்துவர்கள் முன்னிலையில் தமது வரலாற்றை அவர் பகிரங்கமாகக் கூறினார். கோழையாக இறக்கத் தாம் விரும்பவில்லை என 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகைக்கு அவர் தெரிவித்தார். 2020 இல் தமது வாழ்க்கை வரலாற்றையும் நூலாக வெளியிட்டார்.

இவ்வரலாறு தொலைதூர நாடொன்றின் கதையாக மட்டும் எமக்கு அமைந்துவிட முடியாது. 1995 ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலைகள் இடம்பெற்று, உலகிலேயே மிக மோசமான நிலையிலிருந்த நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. மிகக் கொடிய பூச்சிநாசினிகள் 1980களிலிருந்து படிப்படியாகத் தடை செய்யப்பட்டமையினால் இவ்வீதம் அடுத்து வந்த இரு தசாப்தங்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்தது. உலகம் வியந்து நோக்கிய சாதனை அது. ஆனால் அதே காலப்பகுதியில், தம்மைத் தாமே வருத்திக் கொண்டு வைத்தியசாலைகளுக்கு வந்தோரின் தொகை அவ்வாறு வீழ்ச்சியடையவில்லை. கொல்லும் பொருள் அகற்றப்பட்டது. கொல்லத் தூண்டிய வேதனை அகற்றப்படவில்லை. அவ்வாறு வந்தோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் முடிவெடுத்து அரை மணி நேரத்துக்குள்ளேயே அச்செயலில் ஈடுபட்டிருந்தனர் என்பதும் இங்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றில் கண்டறியப்பட்டது. அந்த அரை மணி நேரத்தைக் கடக்க ஒருவருக்குத் தெரிந்திருக்குமாயின், அல்லது அவ்வேளையில் அவரது சொல்லைக் கேட்க ஒருவர் அருகிலிருப்பாராயின், பல உயிர்கள் மீண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

போரும் 2004 ஆழிப்பேரலையும் இடப்பெயர்வும் வறுமையும் எமது சமூகங்களில் விட்டுச் சென்ற வடுக்கள் பற்றி நாம் அதிகம் பேசியுள்ளோம். ஆனால் ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள், ஒரு சொல்லால் புண்பட்ட பிள்ளையின் வேதனை பற்றிப் பேசுவது குறைவு. மானம் கருதி மறைப்பதே எமது வழக்கம். 1998 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற நிலை நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் கைவிட்ட தண்டனையை ஊர்வாயும் உறவினர்களும் தொடர்ந்து நிறைவேற்றிக் கொண்டிருப்பது நியாயமாகுமா?

எமது சமயங்கள் அனைத்தும் உயிரைப் போக்கிக் கொள்வதைத் தடுக்கின்றன. உயிர் இறைவன் தந்த அமானிதம் என்பதும், பெறுதற்கரிய பிறவி என்பதும் அந்தத் தடையின் அடிப்படைகள். உயிரின் மதிப்பை உணர்த்தவே அத்தடை எழுந்தது; உயிர் தப்பியவரை இழிவுபடுத்துவதற்காக அல்ல. வெள்ளிக்கிழமை குத்பாவிலும், கோயில் பிரசங்கத்திலும், தேவாலய மறையுரையிலும் இந்த வேறுபாடு எடுத்துரைக்கப்படுமாயின் பல குடும்பங்கள் அச்சமின்றி உதவி தேடும்.

ஓராண்டு காலச் சிகிச்சையை எல்லா மாவட்டங்களிலும் வழங்குவது எமது நாட்டின் வளங்களுக்கு எட்டாததாக இருக்கலாம். ஆனால் திறன்களைக் குழுவாகக் கற்பிக்கலாம் என்பது நம்பிக்கையூட்டும் செய்தியாகும். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களையும் கிராமியப் பணியாளர்களையும் உளசமூகப் பணிக்குப் பயிற்றுவித்து, நிபுணர்கள் அரிதாக உள்ள இடத்திலும் பணி நடைபெற முடியும் எனக் காட்டினர். பாடசாலைகளிலுள்ள ஆலோசனை ஆசிரியர்களுக்கும், அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கும், கிராமிய மட்ட உத்தியோகத்தர்களுக்கும் இத்திறன்களைத் தமிழ் மொழியிலேயே கற்பிக்கும் ஏற்பாடொன்றைச் சுகாதார, கல்வி அமைச்சுகள் இணைந்து மேற்கொள்ள வேண்டும் என வலியுறுத்துகின்றோம். தன்னைக் காயப்படுத்திய ஒருவர் உடற்காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பப்படுவதோடு வைத்தியசாலையின் கடமை முடிந்துவிடலாகாது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. தன்னை வருத்திக் கொண்ட பிள்ளையிடம் முதலில் 'ஏன் செய்தாய்?' என்று அதட்டிக் கேளாதீர்கள். 'உனக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. மாறாக, அக்கேள்வி பலருக்கு ஆறுதலாக அமைகின்றது. ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவையோ, 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையோ நாடுங்கள். இவ்வரிகளை வாசிப்பவர்களுள் அத்தகைய வேதனையைச் சுமப்போர் எவரேனும் இருப்பின், அவர்களுக்கும் இதே இலக்கம் உரியது.

மாற முடியாதவர் என ஒருகாலத்தில் எழுதி ஒதுக்கப்பட்ட பதினேழு வயதுப் பெண்ணொருவரே, பின்னாளில் உலகின் பல பாகங்களிலும் எண்ணற்றோர் உயிர் தப்ப வழி வகுத்தார். எமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்று நாம் எளிதாகத் தீர்ப்பு வழங்கிவிடும் பிள்ளைகள் நாளை எவ்வாறு உயர்வார்கள் என்பதை எவர் அறிவார்? அவர்கள் நாளையைக் காண்பதற்கு வழிவிடுவதே எமது முதற் கடமையாகும்.